இடது கால்

என் மகள் யுவஸ்ரீ ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குச் சென்னை போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் என் தறிகள் ஓடுவதில்லை. அவளுக்கு அன்றைக்குத்தான் நிம்மதியாகப் போன் பேச நேரம் கிடைக்கும். விசைத்தறி ஓடும்போது பேசினால் அவள் சொல்வது எனக்குக் கேட்காது, நான் சொல்வது வெண்ணந்தூர் முழுக்கக் கேட்கும். தறிக்காரன் மெதுவாகப் பேசினால் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் எல்லாம் நல்ல சேதியாகத்தான் வந்தது. முடியைக் காதோடு வெட்டிவிட்டார்கள். கயிறு ஏறுகிறாள். முதுகில் மூட்டையும் கையில் துப்பாக்கியுமாக ஓடுகிறாள். துப்பாக்கியைப் பிரித்து மாட்டுவதில் அவள் கூட்டத்தில் அவள்தான் முதல். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஓடுகிற தறியில் அறுந்த நூலைப் பிணைத்துப் பழகிய கை அது. "சாப்பாடெல்லாம் எப்படி சாமி?" என்று கேட்பேன். "மெல்லறதுக்கு நேரம் குடுத்தாத்தானுங்கப்பா தெரியும்" என்று சிரிப்பாள். போனை வைத்ததும் டீக்கடையில் நாலு பேரிடமாவது சொன்னால்தான் எனக்கு ஆறும். "பட்டாளத்துக்குப் போனது மகனா, மகளா?" என்று தெரிந்துகொண்டே கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ரெண்டு தடவை சொல்வேன்.

ஆடி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, நீச்சல் வரலீங்கப்பா" என்றாள்.

நான் போனோடு கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். உள்ளே என் மனைவி பாவாயி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவே கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது நீச்சல்தான்.

யுவஸ்ரீக்கு நாலு வயது மூத்தவனாக ஓர் அண்ணன் இருந்தான். யோகேஷ். பதினேழு வயதில், ஓர் ஆடிப் பதினெட்டன்று, மோகனூரில் காவிரி அவனைக் கொண்டுபோய்விட்டது. ஊரே குளிக்கிற நாள். நாங்களும் குடும்பத்தோடு போயிருந்தோம். சட்டையைக் கழற்றித் தங்கச்சி கையில் கொடுத்து, "புடிச்சுக்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். நீச்சல் நன்றாகத் தெரிந்த பையன். நான்தான் கற்றுக்கொடுத்தேன். மறுநாள் வெகு தூரம் தள்ளிக் கிடைத்தான். அதுவரைக்கும் யுவஸ்ரீ அந்தச் சட்டையைக் கையிலிருந்து விடவில்லை, தூக்கத்தில்கூட விடவில்லை.

காரியம் முடிந்ததும் பாவாயி என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடி மோகனூர் போனாள். கரையில் நின்று ஆற்றைப் பார்த்து, "ஒண்ண எடுத்துக்கிட்ட. இருக்கறத உங் கண்ணுலயே காட்ட மாட்டேன்" என்றாள். சொன்னதைச் செய்தாள். அதற்கப்புறம் யுவஸ்ரீ ஆறு பார்த்ததில்லை, ஏரி பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒகேனக்கல் கூட்டிப் போனபோது இவளுக்கு மட்டும் காய்ச்சல் வந்தது. பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது, துப்பாக்கியையும் எல்லையையும் நினைத்து நான் பயந்தேன். பாவாயி அதற்கெல்லாம் அசரவில்லை. "தண்ணி இல்லாத வேலதானுங்க?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள். நானும் பெரிய தளபதி மாதிரி, "பாலைவனமும் பனிமலையுந்தான் அவங்களுக்கு, தண்ணி எங்க இருக்குது?" என்று சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. வாழ வேண்டிய வயதில் போனவர்களுக்கு வருஷா வருஷம் புதுத்துணி வைத்துப் படைப்போம். படைத்த துணியை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் உடுத்த வேண்டும். ஒவ்வோர் ஆடிப் பதினெட்டுக்கும் பாவாயி யோகேஷுக்கு ஒரு சட்டை எடுப்பாள். இருந்திருந்தால் இந்த வருஷம் எந்த அளவுக்கு இருப்பானோ அந்த அளவுக்கு எடுப்பாள். நான் போட்டுக்கொள்கிறேனே என்று ஒரு தடவை கேட்டதற்கு, "சட்டைய அவ கையிலதான குடுத்துட்டுப் போனான்" என்று முடித்துவிட்டாள். அதனால் யுவஸ்ரீ வீட்டில் எப்போதும் ஆம்பளைச் சட்டையோடுதான் திரிந்தாள். அவளுக்கு வருஷா வருஷம் சட்டை பெரிதாகிக்கொண்டே போனது. தோள் அகன்றது, காலர் அளவு ஏறியது. செத்துப்போன பையன் எங்கள் வீட்டில் வளர்ந்து, ஆளாகி, கல்யாண வயதுக்கே வந்துவிட்டான்.

பாவாயியைக் கேட்டால் அவன் எங்கேயும் போகவில்லை. சமையல்கட்டில் பாத்திரம் உருண்டால், "இருடா, வாரேன்" என்று குரல் கொடுப்பாள். கனவில் வந்து என்ன கேட்டான், என்ன சாப்பிட்டான் என்று காலையில் சொல்வாள். சவத்தின் பக்கத்தில்கூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு யார் அழுவார்கள்? எனக்கு இதெல்லாம் ஆகாது. கோபம் பொத்துக்கொண்டு வரும். உள்ளதைச் சொன்னால் அது வெறும் கோபமில்லை, பொறாமை. என் கனவில் அவன் ஒரு நாளும் வந்ததில்லை.

சரி, போனுக்கு வருகிறேன்.

"எப்படி வரல? தண்ணியக் கண்டா பயமா?" என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்லீங்கப்பா. மேல பலகைலருந்து குதின்னா குதிச்சர்றேன். கை காலெல்லாம் சொல்லிக் குடுத்த மாதிரிதான் அடிக்கறேன். பாதி தூரம் போனதும் இடது கால யாரோ புடிக்கறாங்க."

"அது சதை புடிக்கறது. வாழப்பழம் தின்னு."

"சதை இல்லீங்கப்பா. கை" என்றாள்.

நான் சத்தம் போட்டேன். இவ்வளவு படித்தவள் பேசுகிற பேச்சா என்றேன். உன் அம்மாவோடு சேர்ந்து உனக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டாக்டர் பார்த்துவிட்டார், காலில் ஒன்றுமில்லை என்று சொன்னாள். நீச்சல் தெரியாமல் வந்த மற்றவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்களாம். லீவு முடிந்து போனதும் இவளுக்கு ஒரு வாய்ப்புத் தருவார்களாம். அதிலும் தேறாவிட்டால் கூட வந்தவர்கள் தோளில் நட்சத்திரத்தோடு போவார்கள், இவள் அடுத்த கூட்டத்தோடு மறுபடி கிடக்க வேண்டும். அப்போதும் கால் வராவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா" என்றாள்.

அதை அவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஐப்பசியில் லீவுக்கு வந்தாள். கறுத்துப் போய், கழுத்து நீண்டு, நடையே மாறியிருந்தது. பாவாயி அவளைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து, இந்த ஆடிக்கு வைத்துப் படைத்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள். நீலக் கட்டம் போட்டது. வழக்கமாக யுவஸ்ரீ படையல் அன்றே உடுத்திவிடுவாள். இந்த வருஷம் ஆளில்லாமல் சட்டை மடிப்புக் கலையாமல் கிடந்தது. "அவன் கேட்டுக்கிட்டே இருந்தான், எங்கம்மா எஞ் சட்டையப் போடறவன்னு" என்று பாவாயி சொன்னாள். யுவஸ்ரீ என் முகத்தைப் பார்த்தாள். நான் காதில் விழாத மாதிரி தறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வெளியே என் கூட்டாளி நாச்சிமுத்துவின் தோட்டத்தில் பெரிய கிணறு இருக்கிறது. படி இறங்கிப் போகலாம். மழை பெய்து தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. நாச்சிமுத்துவும் நானும் அதில்தான் நீச்சல் பழகினோம். யோகேஷுக்கும் அங்கேதான் கற்றுக்கொடுத்தேன். அவன் போன பிறகு ஒரு நாள் பாவாயி என்னிடம், "நீங்க நீச்சல் கத்துக் குடுக்காம இருந்திருந்தா அவன் நடு ஆத்துக்குப் போயிருக்க மாட்டான்" என்று சொன்னாள். அதற்கப்புறம் நான் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. இப்போது வேறு வழியில்லை. ஓட்டப் பயிற்சிக்குப் போகிறோம் என்று பாவாயியிடம் சொல்லிவிட்டு, விடிந்ததும் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அவள் அந்த நீலக் கட்டச் சட்டையோடு வந்து நின்றாள். "அத ஏஞ் சாமி போட்ட?" என்றேன். "நனையறதுக்குப் பழசு வேற இல்லீங்கப்பா" என்றாள். பழசா அது? சட்டை அவளுக்குத் தொளதொள என்று இருந்தது.

முதலில் ஒரு காலி எண்ணெய் கேனை முதுகில் கட்டி இறக்கினேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் பழகுவார்கள். வருங்கால ராணுவ அதிகாரி முதுகில் கடலை எண்ணெய்க் கேனோடு மிதப்பதைப் பார்த்து நாச்சிமுத்து மேலே நின்று சிரித்தான். அவளும் சிரித்தாள். கேன் இருந்தவரைக்கும் ஒரு குறையுமில்லை. கிணற்றை வளைய வளைய வந்தாள். எனக்குத் தைரியம் வந்து, ரெண்டு நாள் கழித்துக் கேனை அவிழ்த்துவிட்டேன்.

படியிலிருந்து கிளம்பினாள். நல்ல வீச்சு, நல்ல மூச்சு. நடுக் கிணற்றில் நின்றுவிட்டாள். கைகள் அடிக்கின்றன, ஆள் நகரவில்லை. முகம் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீருக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. நான் குதித்தேன். மூழ்கிக் கண்ணைத் திறந்தேன். பாசி வெளிச்சத்தில் அவள் வலது கால் உதைத்துக்கொண்டிருந்தது. இடது கால் மட்டும் யாரோ பிடித்து நிறுத்தியது போல் நேராக நின்றது. கிடைத்த காலைப் பிடித்து அவளைப் படிப் பக்கமாகத் தள்ளினேன்.

அவள் படியில் ஏறியது தெரிந்தது. நான் மேலே வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூச்சு இருந்த மட்டும் அடியிலேயே சுற்றிச் சுற்றித் தேடினேன். யாரைத் தேடினேன் என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். கல்லும் பாசியும் மோட்டார் குழாயும்தான் இருந்தன.

மேலே வந்தபோது அவள் படியில் உட்கார்ந்து இடது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, நாந்தான் காலப் புடிச்சேன். வேற ஒருத்தரும் இல்ல" என்றேன்.

"நீங்க புடிச்சது வலது காலுங்கப்பா. இடது கால்ல அதுக்கு முன்னாடியே கை இருந்துச்சு" என்றாள்.

அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே. நான் கத்தினேன், கெஞ்சினேன். நடுக் கிணறு வந்ததும் கால் நின்றுவிடும். லீவு கரைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் வீட்டுக்குப் போகும்போது வண்டியின் பின்னாலிருந்து, "நான் திரும்பி வந்தர்றேங்கப்பா. தறி ஓட்டறேன். அண்ணன் விடமாட்டேங்கறானே" என்றாள். என்னால் வண்டி ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பும்போது பாவாயி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, நானும் வாரேன், ஓடறதுக்கு" என்றாள்.

"நீ எதுக்கு?" என்றேன்.

"ஓடறவ தலையில பாசி வாசம் எப்படி வருதுன்னு பாக்கோணும்."

மூன்று பேரும் ஒரே வண்டியில் போனோம். எங்களைக் கண்டதும் நாச்சிமுத்து, "வாங்க, தக்காளி பறிக்கவா வந்தீங்க?" என்று ஏதோ உளறினான். பாவாயி அவனைத் தாண்டி நேராகக் கிணற்றுக்குப் போனாள். ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து, ரெண்டு காலையும் தண்ணீரில் விட்டாள். அவள் குதித்துவிடுவாளோ என்று நான் பின்னாலேயே போய் நின்றேன். கைக்கெட்டும் தூரத்தில் நின்றும் தொடத் தைரியம் வரவில்லை.

"எந்தக் காலு?" என்று மகளைக் கேட்டாள்.

நாங்கள் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யுவஸ்ரீ தூக்கத்தில் உளறினாளோ, தாய்க்கே தெரிந்ததோ, இன்றுவரை நான் கேட்கவில்லை.

"இடது காலுங்கம்மா."

பாவாயி தலையை ஆட்டினாள். பிறகு, டீ போடவா என்று கேட்கிற குரலில் சொன்னாள். "நீ தொட்டில்ல கெடந்தப்ப ஒரு கால வெளிய நீட்டிக்கிட்டுத்தான் தூங்குவ. அவன் கீழ பாயில படுத்துக்கிட்டு அந்தக் காலப் புடிச்சாத்தான் கண்ண மூடுவான். எடுத்துவிட்டா எந்திரிச்சு அழுவான். தூங்கறதுக்குத்தாஞ் சாமி புடிக்கறான். உன்ன இழுக்கறதுக்கு இல்ல."

எனக்கு அந்தத் தொட்டில் நினைவுக்கு வந்தது. தறி ஓடுகிற சத்தத்தில் ரெண்டும் அப்படித் தூங்கியதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது என் நினைப்பில் வரவில்லை.

"எறங்கு" என்றாள் பாவாயி.

"பாவாயி, நீ ஆத்துக்கிட்ட சொன்ன சொல்லு..." என்று இழுத்தேன்.

"சொன்னவ நாந்தான். அவ எறங்கட்டும்."

யுவஸ்ரீ இறங்கினாள். நீலக் கட்டச் சட்டை தண்ணீரில் உப்பி அடங்கியது. படியை விட்டுப் போனாள். நடுக் கிணறு வந்தது. நின்றாள். கைகள் அடிக்க ஆரம்பித்தன. நான் குதிக்கப் போனேன். பாவாயி என் வேட்டியைப் பிடித்து நிறுத்தினாள். மற்றொரு கையைத் தண்ணீரின் மேல், பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல வைத்தாள்.

"யோகேசு" என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற குரல். "விட்டுரு சாமி. அவளுக்கு வேல கெடக்குது. அம்மா இங்க இருக்கறனல்லொ. நீ தூங்கு. விட்டுரு."

கிணறு அந்தப் பேச்சைச் சுவரில் வாங்கித் திருப்பிச் சொன்னது. யுவஸ்ரீ முகம் கோணியது. அண்ணா என்றாளோ அம்மா என்றாளோ, வாயில் தண்ணீர் போய்விட்டதால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பிறகு அவள் இடது கால் தண்ணீரை உதைத்த சத்தம் கேட்டது. எதிர்ச் சுவரைத் தொட்டாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். நாச்சிமுத்து மேலே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

அவள் கரையேறித் துண்டைப் போர்த்தியதும் பாவாயி அந்த ஈரச் சட்டையைக் கேட்டு வாங்கினாள். பிழிந்து, உதறி, என்னிடம் நீட்டினாள்.

"ஊட்டுல ஒருத்தரு போடோணும். இனிமே நீங்க போடுங்க. அவ புடிச்சுக்கிட்டு நின்னது போதும்" என்றாள்.

யுவஸ்ரீ சென்னைக்குத் திரும்பிப் போனாள். முதல் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும், தேர்வு இன்னும் வைக்கவில்லை என்றாள். அந்த நாட்களில் பாவாயி கனவு எதுவும் சொல்லவில்லை. நானாகவே ஒரு நாள், "என்ன, வந்தானா?" என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு நான் அந்த நீலக் கட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு தறிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தோள் சரியாக இருந்தது, வயிற்றில்தான் பொத்தான் போட முடியவில்லை. போன் வந்தது.

"அப்பா, தேறிட்டேங்கப்பா."

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தறிக்கூடத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கடா, என் மகள் தண்ணீரிலும் நடப்பாள் என்று என்னென்னவோ பேசினேன். பாவாயி வந்து கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"சாமி, காலப் புடிச்சானா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லலாமா என்று பிள்ளை யோசித்தாளோ என்னவோ.

"இல்லீங்கம்மா. யாருமே புடிக்கல" என்றாள்.

"செரி சாமி. நல்லாச் சாப்புடு" என்று சொல்லிப் பாவாயி போனை என்னிடம் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. நான் பாவாயியைப் பார்த்தேன். எப்போதும் வருகிற அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். இத்தனை வருஷம் எனக்கு எரிச்சல் மூட்டிய குரல், அன்றைக்கு வந்துவிடாதா என்று இருந்தது.

"பூனையா இருக்கும்" என்றாள் அவள்.

பிறகு நான் போட்டிருந்த சட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் இன்றைக்குத்தான் செத்த மாதிரி அழுதாள்.